மேன்ஹோல் வாசலில் ஒரு நேர்காணல்

வளைகுடாவில் சேஃப்டி ஆபீசர் வேலைக்கு விளம்பரம் வந்தால், தகுதி என்ற இடத்தில் பெரும்பாலும் 'நெபோஷ்' என்று இருக்கும். 1979-ல் பிரிட்டனில் தொடங்கிய தேர்வு வாரியம் அது. 2020-ல் கொரோனா வந்தபோது, அதன் சர்வதேசப் பொதுச் சான்றிதழ்த் தேர்வை வீட்டிலிருந்தே புத்தகம் பார்த்து எழுதலாம் என்றார்கள். பார்த்து எழுதலாம் என்றதும், கூடவே வீடியோ நேர்காணலும் வந்து சேர்ந்தது. அதற்கு மதிப்பெண் கிடையாது. எழுதியது நீங்கள்தானா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

சவுதியின் ஜுபைலில் பல வருடம் பர்மிட்டில், அதாவது வேலை தொடங்க அனுமதிக்கும் சீட்டில், கையெழுத்துப் போட்டவன் என்பதால் தம்பிகள் என்னிடம் ஒத்திகைக்கு வருகிறார்கள். வந்ததும் 'ஹசார்டு', 'ரிஸ்க்' இரண்டுக்கும் இலக்கணம் ஒப்பிப்பார்கள். "அதை விடு தம்பி. டேங்குக்குள்ள ஆள் இறங்கணும். நீ மேன்ஹோல்கிட்ட நிக்கிற. என்ன பண்ணுவ?" என்பேன்.

"மாஸ்க் குடுப்பேன் அண்ணே."

கோபம்தான் வரும். மாஸ்க், ஹெல்மெட் எல்லாம் பாதுகாப்பு வழிகளின் வரிசையில் கடைசி. ஆள் இறங்கத்தான் வேண்டுமா, வெளியிலிருந்தே கழுவ முடியாதா என்பதுதான் முதல் கேள்வி. முடியாதென்றால், உள்ளே வரும் குழாய்களை பிளைண்ட் தகடு போட்டு அடைத்தாயிற்றா, காற்றோட்டம் இருக்கிறதா, கேஸ் டெஸ்ட் எடுத்தாயிற்றா? டெஸ்டில் ஆக்சிஜன்தான் முதலில். சாதாரணக் காற்றில் அது 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே போனால் இறங்க விடக் கூடாது. அப்புறம் தீப்பிடிக்கும் வாயு, பிறகு நச்சு வாயு. ஏன் இந்த வரிசை? ஆக்சிஜன் குறைந்த காற்றில் தீப்பிடிக்கும் வாயுவைக் காட்டும் மீட்டர் பல சமயம் தப்பாகக் காட்டும். மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் எடுக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனம், அடியில் தங்கிவிடும். வெளியே காவலுக்கு ஓர் ஆள் நிற்பார். உள்ளே ஒருவன் விழுந்தால் அவரும் குதிக்கக் கூடாது. நம் ஊர் மலக்குழிச் சாவுகளில் இரண்டாவது ஆள் பல சமயம் காப்பாற்றப் போனவர்தான்.

பர்மிட் என்றால் வெறும் காகிதம் என்று நினைக்கிறவர்களுக்கு பைப்பர் ஆல்ஃபா கதையைச் சொல்வேன். 1988 ஜூலை 6 இரவு, வட கடலில் இருந்த அந்த எண்ணெய் மேடையில் 167 பேர் செத்துப்போனார்கள். பழுதுபார்க்க ஒரு பம்பின் வால்வைக் கழற்றியிருந்தார்கள். அந்தத் தகவல் இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை, பம்பை ஓட்டிவிட்டார்கள்; வாயு கசிந்து வெடித்தது.

தேர்வுக்கு வாட்ஸ்அப்பில் விடை விற்கிறவர்களிடம் காசைக் கொட்டாதீர்கள். வாங்கிய விடைக்கு "ஏன்" என்று ஒரு கேள்வி வந்தால் வாய் அடைத்துவிடும். நேர்காணலுக்கு முன்னால், நீங்கள் எழுதிய விடைத்தாளை ஒரு நண்பனிடம் கொடுத்து, வரிக்கு வரி ஏன் என்று கேட்கச் சொல்லுங்கள். முதலில் தமிழிலேயே கேட்கட்டும். ஆங்கிலத்தை அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம்.