மதுரையிலிருந்து தென்காசிக்கு: பாண்டியர் இடப்பெயர்வுக் கருத்தும் தொல்சான்றுகளின் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

மாலிக் காபூரின் படையெடுப்பால் மதுரையை இழந்த பாண்டியர் தென்காசிக்குப் பெயர்ந்தனர் என்பது பாடநூல்கள் வழியாக நிலைபெற்ற கருத்து. இக்கருத்துக்குக் கல்வெட்டுகள் எவ்வளவு இடம் தருகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. விவிலியம் கூறும் எகிப்து வெளியேற்றம் பற்றிய தொல்லியல் விவாதத்தில் உருவான வினாக்கள் இங்கு ஒப்பீட்டுக் கருவிகளாகின்றன.

திறவுச்சொற்கள்: தென்காசிப் பாண்டியர், இடப்பெயர்வு மரபு, மெய்க்கீர்த்தி, திருக்குற்றாலம், விடுதலைப் பயணம்.

முன்னுரை

1311-இல் மாலிக் காபூரின் படை பாண்டிய நாட்டிற்குள் புகுந்தது. தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய சடையவர்மன் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் ஆட்சிக்கு வந்தது 1422-இல். கோயில் திருப்பணி தொடங்கியது 1446-இல். முதல் நிகழ்வுக்கும் கடைசி நிகழ்வுக்கும் இடையே 135 ஆண்டுகள் உள்ளன. ஏறத்தாழ ஐந்து தலைமுறைக் காலம். எனினும் வரலாற்றுச் சுருக்க நூல்கள் பல, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் காரணமும் விளைவுமாகக் கோத்துவிடுகின்றன. அவ்வாக்கியத்தைப் படிக்கும் மாணவர் மனத்தில் எழுவது, அரச குடும்பமொன்று மதுரைக் கோட்டையை விட்டு மேற்கு மலையடிவாரம் நோக்கி ஓடும் காட்சியே. அக்காட்சி எந்தச் சான்றிலிருந்து பிறந்தது என்பதே இங்குக் கேள்வி.

விடுதலைப் பயண விவாதம் காட்டும் வழி

ஒரு மக்கள் கூட்டம் ஓரிடத்தை விட்டு வெளியேறியதா என்னும் வினாவை உலகத் தொல்லியலில் மிக நீண்ட காலம் விவாதித்தது எகிப்தியல், விவிலியத் தொல்லியல் ஆகிய துறைகளே. ஆண்கள் மட்டும் ஏறத்தாழ 6 இலட்சம் பேர் எகிப்தை விட்டுப் புறப்பட்டதாக விடுதலைப் பயண நூல் கூறுகிறது. அவ்வளவு பெரிய கூட்டம் நாற்பது ஆண்டுகள் பாலைநிலத்தில் வாழ்ந்திருப்பின் தடயங்கள் எஞ்சியிருக்க வேண்டும். சினாய்ப் பகுதி ஆய்வுகளில் அத்தகைய தடயம் கிட்டவில்லை. இசுரயேலர் நெடுநாள் தங்கிய இடமாகக் கூறப்படும் காதேசு பர்னேயாவின் அகழாய்வு வெளிப்படுத்திய கோட்டைகளும், நிகழ்வு நடந்ததாகப் பலர் கருதும் கி.மு. 13-ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவை. 1896-இல் பிளிண்டர்சு பெட்ரி தீபசு நகரில் கண்டெடுத்த மெர்னெப்தா கல்வெட்டு, கி.மு. 1208 அளவில் ‘இசுரயேல்’ என்னும் மக்கள் கானான் பகுதியில் ஏற்கெனவே இருந்ததைக் காட்டுகிறது. அவர்கள் எங்கிருந்து வந்தனர் என்பதை அது கூறவில்லை.

இசுரயேல் பிங்கல்சுடைனும் நீல் ஆசர் சில்பர்மனும் 2001-இல் வெளியிட்ட நூலில், இசுரயேலர் பெரும்பகுதியும் கானான் மலைநாட்டில் உள்ளிருந்தே உருவான மக்கள் என வாதிட்டனர். கென்னத் கிச்சன் 2003-இல் மறுத்தார். நைல் கழிமுகச் சேற்றில் பாப்பிரசு ஆவணங்கள் எஞ்சா. எந்தப் பாரோ மன்னனும் தன் தோல்வியைக் கோயிற் சுவரில் பொறிக்கமாட்டான். கூடாரவாசிகள் விட்டுச்செல்லும் தடயமும் சொற்பமே என்பன அவர் கூறிய காரணங்கள். இவ்விவாதம் முடிவுறவில்லை. ஆயினும் அதிலிருந்து மூன்று வினாக்கள் பிறவற்றுக்கும் பயன்படும் வடிவில் தெளிந்து வந்தன. கூறப்படும் நிகழ்வு உண்மையாயின் எத்தகைய தடயம் எஞ்சியிருக்க வேண்டும்? சென்று சேர்ந்த இடத்தில் அவர்கள் முன்பே இருந்தனரா? நிகழ்வைக் கூறும் உரை நிகழ்வுக்கு எவ்வளவு காலம் பிந்தியது, அதைக் கூறுபவர் யார்?

ஒரு மதுரை, பல பாண்டியர்

இடப்பெயர்வுக் கருத்து, ஒரே அரச குடும்பம் ஒரே தலைநகரில் இருந்து ஆண்டது என்பதை எடுகோளாகக் கொள்கிறது. பாண்டிய நாட்டின் ஆட்சிமுறை அவ்வாறு இருந்ததில்லை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாபார்க் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அந்நாட்டை உடன்பிறந்தோர் ஐவர் ஆண்டதாக எழுதினார். ஒரே காலத்தில் பல பாண்டியர் பல பகுதிகளில் முடிசூடியிருந்ததைக் கல்வெட்டுகளும் உறுதிப்படுத்துகின்றன. மதுரையில் இருந்தவன் தோற்றபோது, தென்பாண்டி நாட்டில் இருந்தவன் எங்கும் பெயரவேண்டிய தேவை இல்லை. அவன் தன் இடத்திலேயே இருந்தான்.

1311-க்குப் பின்னரும் பாண்டிய மன்னர் பெயர்களில் கல்வெட்டுகள் தொடர்கின்றன. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியின் 1929-ஆம் ஆண்டு நூலும் தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் ‘பாண்டியர் வரலாறு’ம் இதனைப் பதிவு செய்துள்ளன. மதுரையில் சுல்தான்கள் தனியாட்சி நிறுவியது 1330-களில். விசயநகர இளவரசன் குமார கம்பணன் அவ்வாட்சியை வீழ்த்தியது 1371 அளவில். அவன் வெற்றியை அவன் மனைவி கங்காதேவி ‘மதுரா விசயம்’ என்னும் வடமொழிக் காவியமாகப் பாடினாள். அதன் பின்னும் மதுரை பாண்டியரிடம் மீளவில்லை. 15-ஆம் நூற்றாண்டில் அப்பகுதியில் மாவலி வாணாதிராயர் ஆதிக்கம் பெற்றனர். மதுரை இழக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. அவ்விழப்பு ஒரு நாளில் நிகழ்ந்ததன்று என்பதே இங்கு வற்புறுத்தத்தக்கது.

ஆண்டு கணிப்பின் இடர்

இடைப்பட்ட நூற்றாண்டு மங்கலாகத் தோன்றுவதற்குச் சான்றின்மை காரணமன்று; சான்றின் இயல்பே காரணம். பாண்டியர் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை சக ஆண்டைக் குறிப்பதில்லை. ‘மாறவர்மன்’ அல்லது ‘சடையவர்மன்’ என்னும் பட்டத்தோடு மன்னன் பெயர், ஆட்சியாண்டு, மாதம், பக்கம், திதி, கிழமை, நாண்மீன் ஆகியவையே இருக்கும். சுந்தரன், வீரன், குலசேகரன், பராக்கிரமன், விக்கிரமன் என்னும் பெயர்களோ திரும்பத் திரும்ப வருவன. எனவே வானியற் குறிப்புகளைக் கணித்தே ஆண்டு காணவேண்டியுள்ளது. கீல்ஹார்ன் தொடங்கிவைத்த இப்பணியை எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையும் பின்னர் ந. சேதுராமனும் விரித்தனர். ஒரு திதியும் கிழமையும் நாண்மீனும் பொருந்தும் நாள்கள் ஒரு நூற்றாண்டுக்குள் பலமுறை வரக்கூடும். எழுத்து ஒன்று சிதைந்திருந்தால் ஒரு மன்னன் இரு மன்னராவான். இரு மன்னர் ஒருவராவர். இவ்வாறு வரிசை கலங்கிய நூற்றாண்டை ‘வெற்றிடம்’ எனக் கொண்டு, அதை ஓர் ஓட்டக் கதையால் நிரப்புவது எளிதாகிவிட்டது.

குற்றாலம் கூறுவது

இரண்டாம் வினாவுக்கு விடை தென்காசிக்கு அருகிலேயே, சிற்றாற்றின் மேற்பகுதியில் கிடைக்கிறது. திருக்குற்றாலத்தையும் அங்குள்ள குறும்பலாவையும் ஞானசம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டிலேயே பாடியுள்ளார். குற்றாலநாதர் கோயிலின் வட்டெழுத்துக் கல்வெட்டுகள், முற்காலப் பாண்டியரும் அவரை வென்ற சோழரும் அவ்வூரை அறிந்திருந்ததைக் காட்டுகின்றன. வட்டெழுத்து பாண்டிய நாட்டின் பழைய எழுத்து. 11-ஆம் நூற்றாண்டு வாக்கில் தமிழெழுத்து அதனிடத்தைப் பிடித்தது. ஆகவே குற்றாலச் சாரலும் சிற்றாற்றுக் கரையும் 15-ஆம் நூற்றாண்டில் தஞ்சம் தேடி வந்தோர் கண்டெடுத்த புதுநிலம் அல்ல. பல நூற்றாண்டுகளாகக் கோயிலும் தானமும் நிலைத்திருந்த பாண்டியர் நிலமே அது. அருவியில் நீராட வருவோர் இலட்சக்கணக்கினர். அச்சுவர் எழுத்துகளின் பக்கம் திரும்புவோர் மிகச் சிலர். ஆய்வுலகமும் இவ்வகையில் பெரிதும் வேறுபட்டதன்று.

மெர்னெப்தா கல்வெட்டு கானானில் இசுரயேலரின் இருப்பை மட்டும் காட்டியது போல், குற்றாலக் கல்வெட்டுகளும் பாண்டியரின் இருப்பை மட்டுமே காட்டுகின்றன. பராக்கிரமனின் கிளை எம்மன்னனிடமிருந்து வந்தது என்பதை அவை தீர்த்துவைக்கா.

தென்காசிக் கல்வெட்டுகளின் பேச்சும் மௌனமும்

தென்காசிக் கோயிலின் கல்வெட்டுகள் அதைக் கட்டிய மன்னன் காலத்தவை. இதுவே விவிலிய உரையிலிருந்து அவற்றைப் பிரிக்கும் பெருவேறுபாடு. வடகாசி சிதைவுற்றிருப்பதால் சிற்றாற்றின் வடகரையில் தென்காசி அமைக்குமாறு இறைவன் கனவில் பணித்ததாக அவற்றின் செய்தி அமைகிறது. சேரரோடு நிகழ்ந்த போர்களை மெய்க்கீர்த்தி பேசுகிறது. இக்கோயிலில் பிற்காலத்தே குறை நேர்ந்தால் அதைக் களைந்து காப்போர் எவராயினும் அவரைப் பணிவதாக மன்னன் கூறும் கல்வெட்டுச் செய்யுள் புகழ்பெற்றது. மதுரையை விட்டு வந்ததாக ஒரு சொல்லும் இல்லை.

இம்மௌனத்தை அளவுக்கு மீறி மதிப்பிடலாகாது. கிச்சன் பாரோக்களைப் பற்றிக் கூறியது மெய்க்கீர்த்திக்கும் பொருந்தும்: தோல்வியைப் பாடுவது அவ்விலக்கிய வகையின் இயல்பன்று. ஆனால் மன்னன் தேர்ந்த பெயர் கவனத்திற்குரியது. தாயகத்தை இழந்து வந்தோர் இழந்த ஊரின் பெயரையே புதிய இடத்திற்கு இடுவது உலகெங்கும் காணும் வழக்கம். பராக்கிரமன் எழுப்பியது ஒரு ‘தென்மதுரை’ அன்று, தென்காசி. கோயில் கொண்டவர் சொக்கநாதர் அல்லர், விசுவநாதர். ஏங்கியது காசிக்கு, மதுரைக்கு அன்று. ‘சிதைந்த வடகாசி’ என்பதில் சிதைந்த மதுரையின் நினைவு மறைந்திருக்கலாம் என ஒருவர் வாதிடலாம். சுவையான கருதுகோள், அதைத் தாங்கும் வரி கல்வெட்டில் இல்லை.

ஒப்பீட்டுக்கு அதே வட்டாரத்து மரபொன்றைக் காணலாம். துருக்க அரசனுக்குப் பெண் கொடுக்க மறுத்துத் தெற்கு நோக்கி ஓடிவந்தபோது, ஆற்றின் இரு கரைகளிலும் நின்ற புங்கமரங்கள் வளைந்து பாலமாகித் தம் முன்னோரைக் கடத்தின என்று கம்பளத்து நாயக்கர் கூறும் கதையை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் பதிவு செய்தார். கடல் பிளந்து வழிவிட்ட விவிலியக் கதைக்குத் தமிழ்நாட்டில் இதைவிட நெருங்கிய இணை காண்பது அரிது. அது அம்மக்களே தம்மைப் பற்றிக் கூறும் கதை. பெயர்ந்து வந்ததை மறைக்காமல் அடையாளமாக்கிக்கொண்ட கதை. தென்காசிப் பாண்டியருக்கு அத்தகைய கதை எதுவும் அவர்தம் கல்வெட்டுகளில் இல்லை. இசுரயேலருக்குக் கதை உண்டு, தடயம் அரிது. பாண்டியருக்குத் தடயம் மிகுதி, கதையே பிறர் தந்தது.

இழப்பைக் கூறும் ஒரு பட்டம்

பிற்காலப் பாண்டியர் இழப்பை உணர்த்தும் சொல்லே பயன்படுத்தவில்லை என்பதும் சரியன்று. 1534-இல் ஆட்சிக்கு வந்த சடையவர்மன் சீவல்லபன் ‘இறந்தகாலமெடுத்த’ என்னும் பட்டம் பூண்டான். கடந்துபோன நற்காலத்தை மீட்டவன் என்பது பொருள். இப்பட்டம் 1311-ஐச் சுட்டுவதாகக் கொள்ள இடமில்லை. அதற்குச் சற்று முன்னர்த் திருவிதாங்கூர் வேந்தன் பொருநைக் கரைப் பகுதிகளைக் கைப்பற்றியிருந்தான். விசயநகரப் பேரரசர் அச்சுதராயர் 1532 அளவில் படையெடுத்து அவனை அடக்கிப் பாண்டியருக்கு நிலத்தை மீட்டளித்தார். தென்காசிப் பாண்டியர் தாமே பதிவு செய்த இழப்பு மேற்கிலிருந்து வந்தது; வடக்கிலிருந்து வந்ததன்று. இடப்பெயர்வுக் கருத்தை ஏற்போர் முதலில் விடைகூறவேண்டிய சான்று இதுவே.

முதல் வினா மட்டும் இன்னும் திறந்தே உள்ளது. ஒரு தலைநகர் திடீரென மாறியிருப்பின், 14-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மதுரைக்கு அண்மையில் பாண்டியர் கொடைகள் அற்றுப்போய், அதே பத்தாண்டுகளில் சிற்றாற்றுப் படுகையில் பெருகியிருக்க வேண்டும். மெல்ல ஒடுங்கியிருப்பின், வைகைக்கும் பொருநைக்கும் இடையே கல்வெட்டுகள் படிப்படியாகத் தெற்கே நகர்ந்திருக்க வேண்டும். 1300 முதல் 1450 வரையிலான பாண்டியர் கல்வெட்டுகளை ஊர்வாரியாக, கணித்த ஆண்டுகளோடு ஒரே வரைபடத்தில் இட்டால் இவ்விரண்டையும் பிரித்தறியலாம். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை ஆகிய தொன்மைக் களங்களின்பால் சென்ற ஆர்வத்தில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். அதற்கு அகழாய்வுக் குழிகூட வேண்டியதில்லை. அச்சேறிய கல்வெட்டுத் தொகுதிகளிலிருந்தே தொடங்கலாம்.