பேச்சுக்கு வந்தவர்கள், பெஞ்சை விட்டுப் போனவர்கள்

1983 ஜூன் 18. இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் மைதானத்தில் ஜிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 17 ரன்னுக்கு 5 விக்கெட் இழந்து நிற்கிறது. அங்கிருந்து கபில்தேவ் ஆட்டமிழக்காமல் 175 ரன் குவித்தார். அந்த ஆட்டத்துக்கு வீடியோ பதிவே கிடையாது. ஆனாலும் அந்த இன்னிங்ஸ் நம் ஊர் டீக்கடைகளில் பல ஆண்டுகள் பந்து பந்தாக ஆடப்பட்டது. பேப்பரில் வந்த ஸ்கோரை வைத்துக்கொண்டு ஒருவர் சொல்வார், இன்னொருவர் கூட்டிச் சொல்வார், கேட்ட பையன் பள்ளிக்கூடத்தில் நடித்தே காட்டுவான்.

அன்று பார்த்தது கொஞ்சம். பார்க்காததைப் பேச்சு நிரப்பியது. இன்று எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறோம். பேச்சின் வேலை தீர்ப்புச் சொல்வதாகிவிட்டது. விளையாட்டு, சினிமா, டிவி என்று நாம் நாள்தோறும் அடிக்கும் அரட்டையில் கடந்த நாற்பது ஆண்டுகளில் நடந்த பெரிய மாற்றம் இதுதான். இதில் நாம் பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு.

காதால் பார்த்த ஆட்டம்

பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடந்த காலத்தில், டிரான்சிஸ்டர் வைத்திருப்பவரைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். "அண்ணே, ஸ்கோர் என்ன?" என்று கேட்க அறிமுகம் தேவையில்லை. எண்பதுகளில் வானொலியில் தமிழ் வர்ணனை வந்தபோது அந்தக் கூட்டம் இன்னும் பெருகியது. அப்துல் ஜப்பாரின் கணீர்க் குரல், ஆங்கிலம் தெரியாதவருக்கும் மைதானத்தைக் கண்முன் விரித்தது. ஃபீல்டர் எங்கே நிற்கிறார், பந்து எங்கே திரும்பியது என்று தமிழில் கேட்டவர்கள், தமிழிலேயே ஆட்டத்தை அலசவும் கற்றுக்கொண்டார்கள்.

சர்ச்சைகளுக்கு அன்று ஆயுள் அதிகம். 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் 'டை'யில் முடிந்தது. வெற்றிக்கு 348 ரன் தேவை. இந்தியா 347 எடுத்திருந்தபோது, கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மணிந்தர் சிங்குக்கு நடுவர் விக்ரம்ராஜு எல்பிடபிள்யூ கொடுத்தார். பந்து மட்டையில் பட்டதா, படவில்லையா? மணிந்தர் பட்டது என்றார். உறுதி செய்ய எந்தக் கருவியும் இல்லை. அதனால் அந்த ஒரு பந்து நாட்கணக்கில், வருடக்கணக்கில் பேசப்பட்டது. இன்று பந்து மட்டையில் பட்டதா என்பதையும் அதன் பாதையையும் ஒரு நிமிடத்தில் திரையில் காட்டிவிடுகிறார்கள். அதனால் சண்டை தீர்ந்துவிடவில்லை, நூலிழையில் இருந்தால் நடுவர் சொன்னதே செல்லும் என்ற 'அம்பயர்ஸ் கால்' நியாயமா என்ற அடுத்த சண்டை பிறந்திருக்கிறது. வாதாடும் ஆசையை எந்தக் கருவியாலும் தீர்க்க முடியாது என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

சினிமாவிலும் அப்படியே. நகரத்தில் ரிலீசான படத்தின் பெட்டி சிற்றூர் டூரிங் டாக்கீசுக்கு வந்துசேர மாதங்கள் ஆகும். அதற்குள் டவுனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் கதை சொல்வார். சண்டைக்கு வாயாலேயே பின்னணி இசை, இடைவேளை எங்கே விட்டார்கள் என்ற தகவல் வரை எல்லாம் அதில் இருக்கும். மாதங்கள் கழித்துப் படத்தைப் பார்த்த பலருக்கு, முன்பே கேட்டிருந்த கதை அதைவிட நன்றாக இருந்தது.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. வெள்ளிக்கிழமை மாலை 'ஒளியும் ஒலியும்' வந்தால், டிவி உள்ள வீட்டின் திண்ணையும் ஜன்னலும் தெருவுக்குச் சொந்தம். ஒரே சேனல் என்பதால் மறுநாள் காலை எல்லோருக்கும் பேச ஒரே பொருள் இருந்தது. எந்தப் பாட்டைப் பாதியில் வெட்டினார்கள் என்பதில் பால்காரருக்கும் வாத்தியாருக்கும் ஒரே வருத்தம்.

கதவு திறந்தது

அந்தக் காலத்தை நினைத்து ஏங்குபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். டீக்கடை பெஞ்சிலும் சலூன் நாற்காலியிலும் பெண்கள் இல்லை. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் ராதிகாவின் 'சித்தி' தொடங்கியது. இரவில் அந்தத் தொடர் ஓடும் நேரத்தில் வீடே அதன் முன்னால் அமர்ந்தது. மறுநாள் குழாயடியிலும் அலுவலகச் சாப்பாட்டு நேரத்திலும் பெண்கள் அந்தக் கதையைப் பிரித்து மேய்ந்தார்கள். யார் செய்தது சரி, யார் பொறுத்துப்போயிருக்கக் கூடாது என்ற அந்த விவாதம் குடும்பத்தையும் பணத்தையும் மானத்தையும் பற்றியது. ஆண்கள் கிரிக்கெட் பேசினால் அலசல், பெண்கள் சீரியல் பேசினால் வம்பு என்று ஊர் சொல்லிவந்தது பெரும் அநியாயம்.

2017 ஜூனில் விஜய் டிவியில் கமல்ஹாசன் தொகுத்து வழங்க 'பிக் பாஸ்' வந்தபோது ஆண் பேச்சு, பெண் பேச்சு என்ற அந்தச் சுவர் பெரிதும் உடைந்தது. போட்டியாளர் ஓவியாவுக்காகப் பேத்தியும் பாட்டியும் ஒரே அணியில் நின்றார்கள். ஐடி அலுவலகத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் ஒரே பேச்சு ஓடியது. பேசியவர்கள் கைப்பேசியில் ஓட்டும் போட்டார்கள். கதையின் போக்கையே மாற்றும் உரிமை பார்வையாளர் கைக்கு வந்தது.

கிரிக்கெட்டிலும் இது நடந்திருக்கிறது. 2025 அக்டோபர் 30 அன்று மகளிர் உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 339 ரன் இலக்கை இந்தியா துரத்தியபோது ஜெமிமா ரோட்ரிக்ஸ் ஆட்டமிழக்காமல் 127 எடுத்தார். மூன்று நாளில் கோப்பையும் வந்தது. அந்த வாரம் பல வீடுகளில் ஆட்ட நுணுக்கத்தை அப்பாவுக்கு விளக்கியவள் மகள். கபிலின் 175-ஐ அப்பா சொல்ல மகன் கேட்ட வீட்டில், ஜெமிமாவின் 127-ஐ மகள் சொல்ல அப்பா கேட்கிறார். இதைவிட நல்ல மாற்றம் எனக்குத் தெரியவில்லை.

பேசுபொருளும் விரிந்திருக்கிறது. 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் குகேஷ் உலக சாம்பியனானார். இன்று செஸ் நகர்த்தலைத் தமிழில் விளக்கும் காணொளிகளைச் சிறுவர்கள் பார்க்கிறார்கள். உடைமாற்றும் அறையில் நின்று கேட்பதுபோல் ஆட்டக்காரரின் மனதுக்குள் நுழைய முடிகிறது: கிரிக்கெட் வீரர் அஸ்வின் தன் யூடியூப் சேனலில் ஓர் ஆட்டத்தின் உள்விவரங்களை நம்மோடு தமிழில் பேசுகிறார்.

பேச்சுக்கு வந்த பலம்

இன்று பேச்சுக்குப் பலமும் கூடியிருக்கிறது. முன்பு வார இதழ் விமர்சனம் வரும்வரை படத்துக்கு அவகாசம் இருந்தது. இன்று முதல் நாள் முதல் காட்சி முடியுமுன்பே, இடைவேளையிலேயே 'படம் அவுட்' என்று பதிவு வந்துவிடுகிறது. 2024 நவம்பரில் 'கங்குவா' வெளியானதை அடுத்து, தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூபர்களை அனுமதிக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் சங்கம் கேட்டுக்கொண்டது. டிக்கெட் வாங்கியவர் கருத்துச் சொல்வதைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் பலரின் இரண்டு மூன்று வருட உழைப்பை இரண்டு மணி நேரம் முழுதாகப் பார்த்துவிட்டுப் பேசுவது அடிப்படை மரியாதை. பலம் வந்தால் பொறுப்பும் வர வேண்டும்.

எதிராளி எங்கே?

நாம் இழந்தது எதிராளியை. ரஜினி ரசிகரும் கமல் ரசிகரும் அன்று ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள். தொண்டை கிழியக் கத்தினாலும், கடைசியில் ஒருவர் டீக்கு இன்னொருவர் காசு கொடுத்தார். நாளையும் அதே முகத்தில் விழிக்க வேண்டும் என்பதால் நாக்குக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. இன்று அவரவர் அணிக்கு அவரவர் வாட்ஸ்அப் குழு. நமக்குப் பிடித்ததையே கைப்பேசி திரும்பத் திரும்பக் காட்டுகிறது. எதிரணி ரசிகர் நமக்கு மீம்களில் மட்டும் தெரிகிறார். முகமே தெரியாதவரைத் திட்டுவது எளிது. ஆட்டக்காரரின் மனைவியையும் குழந்தையையும் இழுத்துப் பேசும் இழிவு அங்கிருந்துதான் பிறக்கிறது.

2025 ஐபிஎல்லில் சென்னை கடைசி இடத்தில் முடித்தது. அதே ஆண்டு பெங்களூரு முதன்முறையாகக் கோப்பையை வென்றது. 18 சீசன் காத்திருந்த ஆர்சிபி ரசிகரிடம் சிஎஸ்கே ரசிகர் பேசி, கேட்டு மகிழ எவ்வளவோ இருந்தது. ஆனால் பெரும்பாலும் இரு தரப்பும் ட்ரோல்களைத்தான் எறிந்துகொண்டன.

நம்மால் வேறு விதமாக இருக்க முடியும் என்பதற்குச் சேப்பாக்கமே சாட்சி. 1999 ஜனவரி 31 அன்று முதுகு வலியோடு சச்சின் 136 ரன் அடித்தும், இந்தியா 12 ரன்னில் பாகிஸ்தானிடம் தோற்றது. மைதானமே எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. தோல்வியின் வலியைத் தாண்டி நல்ல ஆட்டத்தை மதித்த அந்த ரசனை நம்முடையது.

பழைய பெஞ்சைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. அதில் இடமில்லாதவர்கள் பலர். இன்று வந்து சேர்ந்திருக்கும் அக்காக்களும் தங்கைகளும் பாட்டிகளும் அப்படியே இருக்கட்டும். அவர்களோடு எதிரணி ரசிகரையும் அழைத்துக்கொள்வோம். அடுத்த பெரிய ஆட்டத்தை, அடுத்த பெரிய படத்தை, நம்மோடு ஒத்துப்போகாத ஒருவரோடு சேர்ந்து பார்ப்போம். முடிந்ததும் அவர் சொல்வதை முழுதாகக் கேட்டுவிட்டு நம் வாதத்தைத் தொடங்குவோம்.