இதயத்துக்கு எத்தனை சட்டை?

சினிமாப் பாட்டு எழுதுபவர்கள் மேல் எனக்கு ஒரு புகார் உண்டு. 'இதயத்தைத் திற', 'இதயத்தைக் கொடு' என்று சுலபமாகக் கேட்டுவிடுகிறார்கள். அது ஒரு பைக்குள் பத்திரமாகக் கிடக்கிறது, சார்!

பைக்கு டாக்டர்கள் வைத்த பெயர் பெரிகார்டியம். வெளியே இருப்பது தடித்த நார்ப்பை, லேசில் இழுபடாது. கீழே உதரவிதானத்தோடும், முன்னால் மார்பெலும்போடும், மேலே பெரிய ரத்தக்குழாய்களோடும் இணைந்திருக்கிறது. பஸ்ஸில் ஃபுட்போர்டில் தொங்கினாலும் உங்கள் இதயம் இடம் மாறாமல் இருப்பதற்கு இந்தக் கட்டுமானம் ஒரு காரணம். (எங்கள் கடலில் கிடக்கும் முத்துச்சிப்பிக்கும் இதயம் உண்டு. அதற்கும் இப்படி ஒரு பை உண்டு!)

நார்ப்பைக்கு உள்ளே மெல்லிய சவ்வு, இரண்டு அடுக்கு. காற்று குறைந்த பலூனுக்குள் முஷ்டியை அமுக்கிப் பாருங்கள். முஷ்டியோடு ஒட்டியது ஓர் அடுக்கு, வெளியே தெரிவது இன்னொன்று; ஆனால் பலூன் ஒன்றுதான். இங்கே முஷ்டிதான் இதயம். இரண்டு அடுக்குக்கும் நடுவில் 15 முதல் 50 மில்லி வரை திரவம். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிற சாமான் உராயாமல் இருக்க ஆயில் வேண்டாமா?

நான் பி.காம். எனக்கு இது வரவு செலவுக் கணக்காகத்தான் புரிந்தது. திரவம் ஊறுவது வரவு, வடிவது செலவு. வரவு கூடினால் பேலன்ஸ் ஷீட் உதைக்கும். எவ்வளவு கூடியது என்பதைவிட எவ்வளவு வேகத்தில் கூடியது என்பதுதான் விஷயம். கத்திக்குத்திலோ விபத்திலோ 200 மில்லி ரத்தம் திடீரென்று உள்ளே இறங்கினால் பை விரியாது. இதயம் விரிந்து ரத்தத்தை வாங்க இடமில்லாமல் நசுங்கும், ஆளே போய்விடலாம். அதே திரவம் வாரக்கணக்கில் மெல்லச் சேர்ந்தால் பை விட்டுக்கொடுத்து விரியும். ஒரு லிட்டர் சேர்ந்த பிறகும் மனுஷன் ஆபீஸில் ஃபைல் பார்த்துக்கொண்டிருப்பான்.

அப்படிப் பார்த்தவன்தான் மாப்பிள்ளையூரணியில் என் நண்பன். துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் ஓர் ஆபீஸில் கிளார்க். நெஞ்சில் வலி, தோள்பட்டை வரை. மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறையும். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல். டீக்கடை அண்ணாச்சி, "வாயுதான் தம்பி, ஒரு இஞ்சி சோடா குடிச்சா ஏப்பத்தோட போயிரும்" என்றார். மார்ச் மாசம் வேறு. "கணக்கை முடிச்சிட்டுப் போறேம்ல" என்று என்னிடம் சொன்னான். கணக்கு முடிவதற்குள் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது.

குனிந்தால் வலி குறைகிறது என்று சொன்னதுமே டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். பெரிகார்டியம் வீங்கினால் வலி அப்படித்தான் நடந்துகொள்ளும். பையை ஒட்டி இறங்கும் ஃப்ரீனிக் நரம்பு கழுத்திலிருந்து வருவதால், தோளுக்கும் செய்தி போய்விடுகிறது. எக்கோ எடுத்தார்கள். பை நிறையத் தண்ணீர். ஊசி போட்டு வடித்ததில் எழுநூறு மில்லி. காரணம், காசநோய்! டி.பி. என்றால் நுரையீரல், இருமல் என்றுதானே நினைக்கிறோம்? நம் நாட்டில் இந்தப் பையில் தண்ணீர் கோர்ப்பதற்கு முக்கியமான காரணங்களில் டி.பி.யும் ஒன்று.

ஆறு மாத மாத்திரை. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். ஒரு நாள்கூட விடாமல் விழுங்கினான். நடுவில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். வீக்கம் ஆறும்போது பை தடித்து, சில பேருக்குச் சுண்ணாம்பு படிந்து, இதயத்தை ஓடு மாதிரி இறுக்கிவிடுவதும் உண்டு. அப்போது சர்ஜன் பையை உரித்து எடுப்பார். பை இல்லாமலும் இதயம் வேலை செய்யும் என்பது எனக்கே ஆச்சரியம்தான்.

நண்பனுக்கு அந்த நிலை வரவில்லை. மாட்டின் பெரிகார்டியத்தைப் பதப்படுத்தி மனிதனுக்கு இதய வால்வு தைக்கிறார்கள் என்று அவனிடம் சொன்னேன். "மாட்டுக்காவது பிரயோஜனமா இருக்கே... நம்ம பைக்கு ஏதாவது ரேட் உண்டா?" என்று கேட்கிறான்!