எவருக்காகச் சொல்லப்பட்ட கதை? டால்ஸ்டாயின் புனைகதைகளும் கம்பம் பள்ளத்தாக்கில் அருளுரைப் பணியும்

ருஷ்ய எழுத்தாளர் லியோ டால்ஸ்டாய் (1828–1910) தமிழ் வாசகர்களுக்குப் புதியவர் அல்லர். 1908இல் இந்தியர் ஒருவருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் அவர் திருக்குறளையும் எடுத்துக்காட்டினார். பின்னர் சக்தி வை. கோவிந்தன் தம் பதிப்பகத்தின் வாயிலாக அவருடைய நூல்களைத் தமிழில் வெளியிட்டார். ‘போரும் அமைதியும்’ என்னும் பெருநாவலை டி. எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்தார். 1991இல் சோவியத் ஒன்றியம் கலையும் வரை, மாஸ்கோவில் அச்சான மலிவு விலைத் தமிழ்ப் பதிப்புகள் சிற்றூர்களிலும் கிடைத்தன. ஆயர்களாகிய நம்மில் பலர் அவரை அறிந்தது இவ்வழியில்தான்.

அவருடைய கதைகளுள் அருளுரைகளில் மிகுதியாக எடுத்தாளப்படுவது, 1886இல் வெளிவந்த ‘மனிதனுக்கு எவ்வளவு நிலம் தேவை?’ என்பதாகும். பேராசைப்பட்டவனுக்கு இறுதியில் ஆறடி நிலமே எஞ்சியது என்று கூறி, இருப்பது போதும் என்ற அறிவுரையோடு முடித்துவிடுகிறோம். இக்கதையை இவ்வாறு பயன்படுத்துவது முறைதானா? இக்கேள்வியை நிலத்தையும் நீரையும் நம்பியே வாழும் ஒரு பகுதியை, அதாவது தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கை, கண்முன் நிறுத்தி ஆராய விரும்புகிறோம்.

பள்ளத்தாக்கின் நிலை

மேற்கே பாய்ந்து கடலில் கலந்த பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் பணி 1887இல் தொடங்கி 1895இல் நிறைவெய்தியது. அப்பணியை நடத்திய பொறியாளர் பென்னிகுவிக்கின் பெயரை இப்பகுதி மக்கள் இன்றும் தம் பிள்ளைகளுக்குச் சூட்டுகின்றனர். 2013இல் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாக இறங்கும் அந்நீரால் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. இங்கு விளையும் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்துக்குப் பேர்பெற்ற ஊர்.

ஆயினும் இவ்வளத்தின் நடுவே ஒரு சாண் நிலமும் இல்லாதவர் பலர். விடியுமுன் ஜீப்புகளில் ஏறிக் குமுளி வழியாகவும், கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகவும் இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்குச் சென்று, இருட்டியபின் வீடு திரும்பும் ஆண்களும் பெண்களும் அவர்களே. கிழக்கே 1959இல் திறக்கப்பட்ட வைகை அணைக்காகத் தம் ஊரையே நீரில் விட்டுவந்தவர்களும் உண்டு. அவர்களின் துயரே வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ என்னும் நாவலின் பொருள். 2003ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது. நிலமுடையோர், நிலமற்றோர், நிலத்தை இழந்தோர் ஆகிய மூவரும் ஒரே ஆலயத்தில் அருகருகே அமர்ந்திருக்கக்கூடும். அவர்கள் முன் டால்ஸ்டாயின் கதையைச் சொல்லுகையில், அது எவரை நோக்கியது என்பதை முதலில் தெளிதல் வேண்டும்.

பாகோமின் பாவம்

கதையைக் கவனமாக வாசிப்போர் ஓர் உண்மையைக் காண்பர். பாகோமின் நிலவேட்கை பேராசையில் தொடங்கவில்லை. ஓர் அநீதியில் தொடங்குகிறது. அவன் ஏழை உழவன். அருகே ஒரு சீமாட்டிக்கு ஏறத்தாழ 300 ஏக்கர் நிலம் உண்டு. அதன் கண்காணியாக ஒரு முன்னாள் படைவீரன் வருகிறான். பாகோமின் குதிரையோ பசுவோ எல்லை தாண்டி மேய்ந்தால் உடனே தண்டம் விதிக்கிறான். தனக்கென்று நிலம் இருந்தால் இத்துன்பம் இராதே என்று பாகோம் எண்ணுகிறான். 1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்தபின்னும் ருஷ்ய உழவர்கள் தமக்குக் கிடைத்த நிலத்துக்குப் பல்லாண்டுகள் தவணை செலுத்திவந்தனர் என்பதை நினைவிற்கொண்டால், அவன் எண்ணத்தைக் குற்றமென்று கூற நமக்கு மனம் வராது.

பின்னர் அச்சீமாட்டியின் நிலத்தில் ஒரு பகுதியை, ஏறத்தாழ 40 ஏக்கரை, அவன் வாங்குகிறான். இப்போது அயலாரின் மாடுகள் அவன் புல்லை மேய்கின்றன. சிறிது காலம் பொறுக்கிறான், பிறகு வழக்குத் தொடுக்கிறான், தண்டம் வாங்குகிறான். எந்தக் கண்காணியால் துன்புற்றானோ அந்தக் கண்காணியாகவே அவன் மாறிவிடுகிறான். அவனது ஆன்மிக வீழ்ச்சி இங்கேதான் நிகழ்கிறது. பஷ்கீரியரின் புல்வெளியில், சூரியன் மறையுமுன் நடந்து வளைத்த நிலமெல்லாம் தனக்கே என்று ஓடி மாண்டது அவ்வீழ்ச்சியின் முடிவு மட்டுமே.

நம் அருளுரைகள் பெரும்பாலும் கடைசிக் காட்சியைச் சொல்லி, இந்நடுப்பகுதியை விட்டுவிடுகின்றன. அதனால் கதை ஒரு தனிமனிதனின் பேராசைக் கதையாகச் சுருங்குகிறது. நாள் கூலிக்கு மலையேறும் தாயிடம், அதிக நிலத்துக்கு ஆசைப்படாதே என்று கூறுவதில் என்ன நற்செய்தி இருக்கிறது? லூக்கா 12ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் மூடனான ஐசுவரியவானின் உவமையைச் சொன்னது, களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட வல்லவரைக் கருத்தில் கொண்டே. வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்ப்போரை ஏசாயா (5:8) கண்டிக்கிறார். 1 இராஜாக்கள் 21ஆம் அதிகாரத்தில் எலியா எதிர்த்து நின்றது ஆகாபை. திராட்சத்தோட்டத்தை விடமறுத்த நாபோத்தை அன்று. நாபோத்துக்குப் போதுமென்ற மனத்தைப் போதிப்பவர் தீர்க்கதரிசி ஆகார்.

எசமானும் வேலையாளும்

பெரியாற்று நீர் கிழக்கே திரும்பிய அதே 1895இல் டால்ஸ்டாய் ‘எசமானும் வேலையாளும்’ என்னும் நெடுங்கதையை வெளியிட்டார். வாசிலி ஆந்திரேயிச் ஒரு வணிகன். சபையின் மூப்பனும் ஆவான். ஒரு தோப்பை மலிவாக வாங்கும் பொருட்டுத் தன் பணம் 700 ரூபிளோடு, தன் பொறுப்பில் இருந்த சபைப் பணம் 2,300 ரூபிளையும் எடுத்துக்கொண்டு பனிப்புயலில் புறப்படுகிறான். உடன் செல்லும் வேலையாள் நிகிதாவுக்கு ஆண்டுக்கு 80 ரூபிள் தகும். வாசிலி தருவதோ 40. அதையும் பெரும்பாலும் தன் கடைச் சரக்காகவே, கூடுதல் விலை வைத்துக் கொடுக்கிறான். ஆயினும் தன்னை அவனுக்கு நன்மை செய்பவனாகவே மெய்யாக நம்புகிறான். சபை நிதியைக் கையாளும் எவரும் வாசித்துத் தம்மைச் சோதித்தறிய வேண்டிய பக்கங்கள் இவை.

வழிதவறிய இரவில் வாசிலி நிகிதாவைச் சாகவிட்டுக் குதிரையேறித் தப்பப் பார்க்கிறான். குதிரையோ சுற்றி வந்து அவனை அதே இடத்தில் சேர்க்கிறது. அப்போது அவன் தன் மயிர்த்தோல் அங்கியைத் திறந்து, உறைந்துகொண்டிருந்த நிகிதாவின் மேல் படுத்து, தன் உடற்சூட்டால் அவனைக் காக்கிறான். விடியலில் எசமான் இறந்திருக்கிறான், வேலையாள் பிழைக்கிறான்.

இறையியல் மாணவர் இவ்விடத்தில் நின்று சிந்தித்தல் நன்று. டால்ஸ்டாய் தம் கட்டுரைகளில் கிறிஸ்துவை ஒழுக்க நெறியின் ஆசிரியராகவே கண்டார். நற்செய்தி நூல்களைத் தாமே தொகுத்தபோது அற்புதங்களையும் உயிர்த்தெழுதலையும் விலக்கினார். 1901இல் ருஷ்யத் திருச்சபையின் பேராயம் அவரைத் தன் உறவினின்று நீக்கியது. கிருபைக்கு அவருடைய கோட்பாட்டில் இடம் குறைவு என்ற குறையை நாமும் மறுப்பதற்கில்லை. ஆனால் அவருடைய கதை அவருடைய கோட்பாட்டைக் கடந்து செல்கிறது. வாசிலியைத் திருப்பியது அவன் நற்குணமன்று. அவன் ஓடிய பாதையே அவனை, விட்டுவந்த மனிதனிடம் திரும்பக் கொண்டுவந்தது. மீட்பு அவனுக்குப் புறம்பேயிருந்து வருகிறது. அது அயலானின் உருவில் வருகிறது.

மனந்திரும்புதலின் விலை

‘புத்துயிர்ப்பு’ (1899) என்னும் நாவலில் இக்கருத்து விரிவடைகிறது. தன்னால் கெடுக்கப்பட்ட காத்யூஷா மாஸ்லவா கொலைக் குற்றவாளியாக நிற்கும் வழக்கில், நெஹ்லூதவ் சான்றாயராக அமர்கிறான். அவன் மனந்திரும்புதல் கண்ணீரோடு நின்றுவிடவில்லை. உழைப்பவரிடமிருந்து நிலத்தைப் பிரித்துவைத்திருப்பதே தன் வாழ்வின் அடித்தளமான அநீதி என்று உணர்ந்து, தன் நிலங்களை உழவரிடம் ஒப்படைக்க முயல்கிறான்.

இங்கு டால்ஸ்டாய் இரண்டு உண்மைகளை மறைக்காமல் காட்டுகிறார். முதலாவது, உழவர்கள் அவனை உடனே நம்புவதில்லை. இதில் என்ன சூதோ என்று ஐயுறுகின்றனர். நெடுங்காலம் ஏமாற்றப்பட்டோரிடம் ஒரே நாளில் நம்பிக்கையை எதிர்பார்த்தல் தகாது. இரண்டாவது, தன்னை மணந்துகொள்ள முன்வரும் நெஹ்லூதவைக் காத்யூஷா ஏற்பதில்லை. தன் மன அமைதிக்கு அவளைக் கருவியாக்க அவனுக்கு உரிமையில்லை. ஏழைக்கு உதவித் தன் மனச்சான்றை ஆற்றிக்கொள்ளும் நம் திருச்சபைத் தொண்டுகளுக்கும் இது பொருந்தும். இந்நாவலின் வருவாயை டால்ஸ்டாய், படைப்பணியை மறுத்துத் துன்புற்ற துகபோர் என்னும் சமயக் குழுவினர் கனடாவில் குடியேறுவதற்குக் கொடுத்தார்.

நம் பணிக்கு

மேற்கூறியவற்றால் விளங்குவது யாது? டால்ஸ்டாயின் புனைகதைகளில் நிலம், உழைப்பு, மரணம், மனந்திரும்புதல் ஆகியவை தனித்தனிப் பொருள்கள் அல்ல. மரணத்தின் முன் நிற்கும் மனிதன், தான் எவருடைய உழைப்பில் வாழ்ந்தான் என்பதையே முதலில் காண்கிறான். ‘இவான் இலியிச்சின் மரணம்’ (1886) கூறுவதும் இதுவே. நீதிபதியாகிய இவான் சாகக் கிடக்கையில் அவனிடம் பொய் பேசாதவன், அவன் கால்களைத் தன் தோளில் தாங்கியிருக்கும் வேலையாள் கெராசிம் ஒருவனே.

எனவே கம்பம் பள்ளத்தாக்கில் பாகோமின் கதையைச் சொல்லும் ஆயர், அதை மூவகையாகச் சொல்லக் கடமைப்பட்டுள்ளார். வயலும் தோப்பும் தோட்டமும் உடையவரிடம், உம் எல்லைக்குள் கூலிக்கு வருபவரிடம் நீர் எந்தக் கண்காணியாக நடந்துகொள்கிறீர் என்று வினவ வேண்டும். நிலமற்றவரிடம், உங்கள் ஏக்கம் பாவமன்று என்று முதலில் கூற வேண்டும். நாளை அவருக்கு நிலம் வாய்க்குமாயின், அயலாரின் மாட்டை அவர் எவ்வாறு நடத்துவார் என்ற கேள்வியை அதற்குப் பின்னரே எழுப்பலாம். பிறர் வயலுக்கு நீர் கிடைக்கத் தம் ஊரை இழந்தவரிடம் இக்கதையைச் சொல்லாதிருப்பதே நன்று. அவர்களிடம் நாம் கேட்டறிய வேண்டியவை உள்ளன.

நிலம் கர்த்தருடையது, மனிதர் அதில் தங்கியிருப்போரே என்று லேவியராகமம் 25ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. அந்த யூபிலி ஒழுங்கு ஏழையின் ஆசையை அடக்குவதற்காக எழுந்ததன்று. இழந்தவனுக்கு அவன் நிலம் திரும்பக் கிடைப்பதற்காக எழுந்தது. வரும் அறுவடைப் பண்டிகையில் முதற்பலன்களைப் பீடத்தருகே வைக்கும்போது, அவற்றை விளைவித்த நிலம் எவருடையது, அறுத்த கைகள் எவருடையவை, அவர்களுக்குக் கூலி முழுமையாகச் சேர்ந்ததா என்பனவற்றையும் சபையோடு சேர்ந்து நாம் கேட்போமாக.