அம்மாவுக்கும் 108 வரும்

என் வகுப்பில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நான்கு நாள்கள் பள்ளிக்கு வரவில்லை. தலைமையாசிரியர் கேட்டபோது "காய்ச்சலாம்" என்று சொல்லிவிட்டேன். காரணம் எனக்குத் தெரியும். அந்தத் திங்கட்கிழமை காலை, பள்ளிக்கு எதிர்த் தெருவில் அவளுடைய அம்மாவைத் துண்டால் கைகளைக் கட்டி, நெல்மூட்டை ஏற்றும் லோடு ஆட்டோவில் நான்கு ஆண்கள் ஏற்றினார்கள். பல நாள்களாகத் தூக்கமில்லாமல், யாரோ கொல்ல வருகிறார்கள் என்று அவர் கத்திக்கொண்டிருந்தார். ஊரே நின்று பார்த்தது. நானும் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் வந்தவள் மதிய உணவுக்கு எழுந்திருக்கவில்லை. அருகில் உட்கார்ந்தேன். "மூட்டை மாதிரி ஏத்துனாங்க டீச்சர். தாத்தாவுக்கு நெஞ்சு வலி வந்தப்ப 108 வந்துச்சு. அம்மாவுக்கு ஏன் வரல?" என்றாள்.

யாரும் அழைக்கவில்லை என்பதுதான் பதில். 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடும் வண்டி அது. விபத்துக்கும் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் அழைக்க நமக்குத் தெரியும். மனநோய்க்கும் அழைக்கலாம் என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பி.எட். முடித்து, பாடநூலில் உரிமைகள் பற்றி நடத்தும் எனக்கும் தோன்றவில்லை.

அன்றிரவு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ஐத் தேடிப் படித்தேன். 2018-இல் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, உடல்நோய் உள்ளவருக்கு ஆம்புலன்ஸ் எந்த முறையில், எந்த அளவில், எந்தத் தரத்தில் கிடைக்கிறதோ அப்படியே மனநோய் உள்ளவருக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது. இது சலுகை இல்லை, உரிமை. 94-ஆவது பிரிவு, உயிருக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையில் தரப்படும் அவசர சிகிச்சையைப் பற்றியது. நோயாளியை அருகிலுள்ள மனநல மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதும் அந்தச் சிகிச்சையின் ஒரு பகுதிதான். 95-ஆவது பிரிவு, எவரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி காப்பகத் தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பியோட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். நம் பக்கத்து மாவட்டத்தில் நடந்தது அது.

சட்டத்தை விடுங்கள், மருத்துவக் காரணமே போதும். திடீரென உளறுவது, ஆளை அடையாளம் தெரியாமல் போவது, மூர்க்கமாவது எல்லாம் மனநோயாகத்தான் இருக்கும் என்றில்லை. சர்க்கரை சட்டென்று குறைந்தாலும், மூளையில் காய்ச்சல் தாக்கினாலும், தலையில் அடிபட்டாலும் அப்படி ஆகலாம். ஆம்புலன்ஸில் வரும் மருத்துவ உதவியாளர் சர்க்கரை, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு ஆகியவற்றைப் பார்ப்பார். லோடு ஆட்டோவில் யார் பார்ப்பது?

சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் 2015-இல் மனநல அவசரத்துக்கென்றே தனி ஆம்புலன்ஸ் தொடங்கினார்கள். மனநலப் பயிற்சி பெற்ற செவிலியர் இருவரும் ஆம்புலன்ஸ் பணியாளர் ஒருவரும் அதில் செல்வார்கள். படுக்கைக்குப் பதிலாக உட்கார்ந்து பேச வசதியான இருக்கைகள் இருக்கும். நமக்கு அப்படித் தனி வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இருக்கிற வண்டியை முறையாக அழைத்தாலே பாதி வேலை முடியும்.

அழைக்கும்போது "பைத்தியம் பிடித்துவிட்டது" என்று சொல்லாதீர்கள். என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள்: எத்தனை நாளாகத் தூங்கவில்லை, சாப்பிட்டாரா, கையில் ஆயுதம் உண்டா, எதையாவது குடித்துவிட்டாரா, ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவரா. வண்டி வரும்வரை கூட்டத்தைக் கலையுங்கள். ஒருவர் மட்டும், மெதுவான குரலில் பேசட்டும். அவர் காணும் பயத்தோடு வாதாட வேண்டாம். மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு உறவினர் ஒருவர் கட்டாயம் உடன் செல்ல வேண்டும்.

மாணவர் எவராவது தற்கொலைக்கு முயன்றால், போலீஸ் வழக்காகிவிடும் என்று பயந்து மறைப்பதைப் பார்த்திருக்கிறேன். அதே சட்டத்தின் 115-ஆவது பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. எனவே தயங்காமல் 108-ஐ அழைக்கலாம். தெருவில் ஆதரவின்றித் திரிபவரைக் கண்டால் காவல் நிலையத்துக்குச் சொல்லலாம். 24 மணி நேரத்துக்குள் அவரை அரசு மருத்துவமனையில் சேர்ப்பது காவலர் கடமை, லாக்கப்பில் வைக்கக் கூடாது. அவசரம் இல்லாதபோது ஆலோசனைக்கு 14416 இருக்கிறது. கட்டணமில்லை, இரவிலும் பேசலாம். பள்ளிக் கல்வி உதவி மையத்தின் 14417 நமக்குத் தெரியும். அதற்கு முந்தைய எண் என்று நினைவில் வைத்துக்கொள்கிறேன்.

எட்டு மாதம் கழித்து, மாத்திரையை நிறுத்தியதால் அந்த அம்மாவுக்கு மறுபடி வந்தது. இம்முறை மகளே என் வீட்டுக்கு ஓடி வந்தாள். இருவரும் சேர்ந்து 108-ஐ அழைத்தோம். அவளே பேசினாள், நான் வழி மட்டும் சொன்னேன். வந்த உதவியாளர் வாசல் திண்ணையில் உட்கார்ந்து, "தண்ணி கொஞ்சம் குடுங்கம்மா" என்று அவரிடமே கேட்டார். கொடுத்தார். அரை மணி நேரம் பேச்சு ஓடியது. பிறகு தன் சேலையைச் சரிசெய்துகொண்டு, மாமியாரின் கையைப் பிடித்தபடி அவரே நடந்து போய் வண்டியில் ஏறினார். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் காலை வழிபாட்டுக்கு அவள் வந்திருந்தாள். கணக்கு வீட்டுப்பாடம் மட்டும் செய்யவில்லை.