பேராசிரியர் மேல் புகாரா? எழுதிக் கொடுப்பது ஏன் முக்கியம்?

2018 மார்ச். அருப்புக்கோட்டை தேவாங்கர் கலைக் கல்லூரி மாணவிகள் 4 பேர் நிர்வாகத்திடம் புகார் கொடுத்தார்கள். மதுரை காமராஜர் பல்கலைக்கழக உயர் அதிகாரிகளுக்கு ‘ஒத்துழைத்தால்’ மதிப்பெண், பணம் எல்லாம் கிடைக்கும் என உதவிப் பேராசிரியர் நிர்மலா தேவி போனில் பேசினார் என்பது குற்றச்சாட்டு.

கல்லூரி அவரை சஸ்பெண்ட் செய்தது. ஆனா, கைது நடந்தது ஆடியோ வைரலான பிறகு, ஏப்ரல் 16-ல்தான். 2024 ஏப்ரல் 30-ல் அவருக்கு 10 ஆண்டு சிறை விதித்தது ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம். வழக்கில் சேர்க்கப்பட்ட மற்ற இருவர் விடுவிக்கப்பட்டனர்.

ஆடியோ வைரலாகாத புகார்கள்?

அதற்குத்தான் 2013 சட்டமும் 2015 யுஜிசி விதிகளும். கல்லூரிதோறும் உள் புகார் குழு கட்டாயம்.

*எப்போது கொடுக்கணும்?* சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள், எழுத்துப்பூர்வமாக. தக்க காரணம் இருந்தால் அவகாசம் நீட்டிக்கப்படும்.

*எழுத முடியலைன்னா?* குழுவே உதவ வேண்டும்.

*எப்போது முடியும்?* விசாரணைக்கு 90 நாள் கெடு.

*பெயர் போட்டா ஊருக்கே தெரிஞ்சிடுமே?* புகார் கொடுத்தவர் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி தவறு. அதனால் மொட்டைக் கடுதாசி வேண்டாம்.

தேதி, இடம், பேசிய வார்த்தைகள், சாட்சிகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். நகலில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று கையெழுத்து வாங்க மறக்காதீங்க. ‘புகாரே வரலை’ என்று நாளைக்கு யாரும் கைவிரிக்க முடியாது.