பேஸ்மேக்கர் கொத்து மேலாண்மை மென்பொருளை நிறுவுதல்

பேஸ்மேக்கர் என்பது லினக்ஸ் வழங்கிகளில் இயங்கும் திறந்த மூலக் கொத்து மேலாண்மை மென்பொருள் ஆகும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வழங்கிகளை ஒரு கொத்தாகச் சேர்த்து, அவற்றில் ஒன்று பழுதடைந்தால் அதில் ஓடிய சேவையை மற்றொன்றில் தொடங்கி வைப்பது இதன் பணி. பல கணினிகளின் கணிப்புத் திறனைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஸ்லர்ம், கொள்கலன்களை நிருவகிக்கும் குபர்நெட்டிஸ் ஆகியவையும் கொத்து மேலாண்மை மென்பொருள்களே. ஆனால் பேஸ்மேக்கரின் நோக்கம் வேறு. தரவுத்தளம், கோப்பு வழங்கி போன்று, நின்றுபோனால் ஓர் அலுவலகமே நின்றுபோகக்கூடிய சேவைகளை இடைவிடாமல் நடத்துவதற்காக இது எழுதப்பட்டது.

இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவியின் பெயரே இதற்கு இடப்பட்டது. இதன் முன்னோடி மென்பொருளின் பெயர் 'ஹார்ட்பீட்', அதாவது இதயத்துடிப்பு. அதன் ஒரு பகுதியாக இருந்த வளமேலாண்மை நிரல் 2000களின் பிற்பகுதியில் தனித் திட்டமாகப் பிரிந்து பேஸ்மேக்கர் ஆனது.

உறுப்புகள்

பேஸ்மேக்கர் தனியாக இயங்குவதில்லை. அதன் அடியில் கோரோசிங்க் என்ற மென்பொருள் ஓடுகிறது. வழங்கிகளுக்கிடையே செய்திகளைக் கொண்டுசெல்வதும், தற்போது யார் யார் கொத்தில் இருக்கிறார்கள் என்று கணக்கு வைப்பதும் கோரோசிங்கின் வேலை. அந்தக் கணக்கை வைத்து எந்தச் சேவை எங்கே ஓடவேண்டும் என்று முடிவெடுப்பது பேஸ்மேக்கர். முடிவை நிறைவேற்றுபவை 'வள முகவர்கள்' எனப்படும் சிறு நிரல்கள். ஒவ்வொரு சேவையையும் தொடங்க, நிறுத்த, நலம் பார்க்க இவற்றுக்குத் தெரியும். இவை அனைத்தையும் ஒரே இடத்திலிருந்து இயக்கும் கட்டளைக் கருவி பிசிஎஸ். சூசே லினக்ஸில் சிஆர்எம்எஸ்எச் என்ற வேறு கருவி வழக்கில் உள்ளது.

நிறுவல்

வழங்கிகளுக்கு மாறாத ஐபி முகவரிகள் தரப்பட வேண்டும். ஒவ்வொன்றும் மற்றதைப் பெயரால் அறிந்திருக்க வேண்டும். டிஎன்எஸ் சேவையை நம்புவதைவிட ஹோஸ்ட்ஸ் கோப்பிலேயே பெயர்களை எழுதிவிடுவது நல்லது. கடிகாரங்கள் ஒன்றாக ஓடாவிட்டால் பின்னாளில் பதிவுக் கோப்புகளை ஒப்பிட்டுப் படிக்கவே முடியாது. தீச்சுவரில் பிசிஎஸ் பயன்படுத்தும் 2224 டிசிபி துறையும், கோரோசிங்க் பயன்படுத்தும் 5405 யுடிபி துறையும் திறந்திருக்க வேண்டும்.

பிறகு எல்லா வழங்கிகளிலும் பேஸ்மேக்கர், கோரோசிங்க், பிசிஎஸ் தொகுப்புகள் நிறுவப்படுகின்றன. அப்போது 'எச்ஏகிளஸ்டர்' என்ற பயனர் கணக்கு தானாக உருவாகும். அதற்கு எல்லா வழங்கிகளிலும் ஒரே கடவுச்சொல் இடப்படுகிறது. இதற்குப் பின் ஒரே வழங்கியில் அமர்ந்து மூன்று கட்டளைகள் கொடுத்தால் போதும்: ஒன்று வழங்கிகளை ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்தும், அடுத்தது கொத்துக்குப் பெயரிட்டு உருவாக்கும், மூன்றாவது எல்லாவற்றையும் தொடங்கும். சிறிது நேரத்தில் நிலைக் கட்டளை இரண்டு வழங்கிகளும் இணைப்பில் இருப்பதாகக் காட்டும்.

சிக்கல் இதற்குப் பிறகுதான் வருகிறது. முதல் சேவையைச் சேர்த்தால் அது தொடங்காது. காரணம், 'ஸ்டோனித்' என்ற பாதுகாப்பு இயல்பாகவே இயக்கத்தில் உள்ளது. அதற்கான கருவி எதுவும் இன்னும் அமைக்கப்படவில்லை. பல வழிகாட்டிகள் இந்த இடத்தில் ஸ்டோனித்தை அணைத்துவிடும் ஒரு வரிக் கட்டளையைத் தருகின்றன. கொடுத்த உடனே எல்லாம் ஓடத் தொடங்கும். பயிற்சிக்காக அமைத்த கொத்தில் அதனால் கேடில்லை. உண்மையான தரவு இருக்கும் வழங்கியில் இதைவிட ஆபத்தான கட்டளை குறைவு.

வேலியிடுதல்

இரண்டு வழங்கிகளும் ஒரே வட்டுச் சேமிப்பகத்தைப் பகிர்கின்றன என்று கொள்வோம். அவற்றுக்கிடையே உள்ள பிணையக் கம்பி மட்டும் அறுந்துபோகிறது. இரண்டும் நலமாகவே உள்ளன. ஆனால் ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்கவில்லை. பதில் வராததால் மற்றது செத்துவிட்டது என்று இரண்டும் முடிவுசெய்து, ஒரே கோப்பு முறைமையை இரண்டும் ஏற்றி எழுதத் தொடங்குகின்றன. எக்ஸ்எஃப்எஸ், எக்ஸ்ட்4 போன்றவை ஒரே நேரத்தில் ஒரு கணினி மட்டுமே எழுதும் என்ற நம்பிக்கையில் வடிவமைக்கப்பட்டவை. ஒன்று எழுதியதை மற்றது அறியாமல் அழிக்கும். இந்நிலை 'ஸ்பிளிட் பிரெயின்', அதாவது மூளைப் பிளவு எனப்படுகிறது. சேவை பத்து நிமிடம் நின்றால் திட்டு வாங்கிச் சமாளிக்கலாம். இப்படிச் சிதைந்த தரவைப் பழைய காப்புநகலிலிருந்துதான் மீட்க வேண்டியிருக்கும்.

பதில் வரவில்லை என்பதற்குச் செத்துவிட்டது என்று பொருளில்லை. மிகுந்த சுமையால் உறைந்துபோன வழங்கி ஒரு நிமிடம் கழித்து விழித்து, விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கலாம். ஆகவே சேவையை எடுத்துக்கொள்ளும் முன், மற்றதன் மின்சாரத்தையே துண்டித்து உறுதிசெய்துகொள்வதுதான் வழி. இதற்கு 'வேலியிடுதல்' என்று பெயர். ஸ்டோனித் என்ற சுருக்கப்பெயரின் விரிவு இன்னும் முரட்டுத்தனமானது: 'மற்ற வழங்கியின் தலையில் சுடு'.

பெரும்பாலான வழங்கிகளின் தாய்ப்பலகையில் ஐபிஎம்ஐ என்ற தொலை மேலாண்மை வசதி உள்ளது. அதன்வழி மின்சாரத்தை அணைத்துப் போடலாம். இதில் ஒரு குறை உண்டு. வழங்கிக்கு வரும் மின்சாரம் முழுதும் நின்றால் ஐபிஎம்ஐயும் உயிரிழக்கும். அணைத்ததாக உறுதி கிடைக்காததால் மற்ற வழங்கி சேவையைத் தொடங்காமல் காத்திருக்கும். அது பழுதன்று, சரியான நடத்தை. இதைத் தவிர்க்க, கட்டளைக்கு அடங்கும் மின்பகிர்மானப் பலகை ஒன்றை இரண்டாம் நிலை வேலியாக வைப்பர். மெய்நிகர் வழங்கிகளுக்கும் மேகக் கணிமைக்கும் தனித்தனி வேலி முகவர்கள் உள்ளன. இரண்டு வழங்கிகளும் ஒரே நொடியில் ஒன்றையொன்று அணைத்துவிடாதபடி, ஒன்றின் மீதான வேலிக்குச் சில விநாடித் தாமதமும் வைக்கப்படுகிறது.

பெரும்பான்மை

மூன்று வழங்கிகள் இருந்தால் இரண்டு சேர்ந்தது பெரும்பான்மை. தனித்துப்போன ஒன்று சேவைகளை நிறுத்திக்கொள்ளும். நான்குக்கு மூன்று வேண்டும் என்பதால், நான்காவது வழங்கி வாங்கினாலும் தாங்கக்கூடிய இழப்பு ஒன்றுதான். இரண்டே இருக்கும் கொத்தில் பெரும்பான்மைக்கே இடமில்லை. அதற்கெனக் கோரோசிங்கில் தனி விதிவிலக்கு உள்ளது, அங்கே வேலி மட்டுமே காவல். மூன்றாவது பெரிய வழங்கிக்குப் பணம் இல்லாதவர்கள், சிறிய கணினி ஒன்றில் 'கியூநெட்டி' என்ற நடுவர் நிரலை ஓட்டலாம். ஒரு நடுவர் பல கொத்துகளுக்கு வாக்களிக்க முடியும்.

சேவைகளும் சோதனையும்

வேலி அமைந்தபின் சேவைகள் சேர்க்கப்படுகின்றன. இடம்மாறும் ஐபி முகவரி, கோப்பு முறைமை, தரவுத்தளம் மூன்றையும் ஒரே குழுவாக்கினால், அவை ஒரே வழங்கியில், சொன்ன வரிசையில் தொடங்கும். நிறுத்தும்போது வரிசை தலைகீழாகும். பழுது நீங்கிய வழங்கி திரும்பியதும் சேவை தானாக அங்கே ஓடிப்போகாதபடி 'ஒட்டுதன்மை' மதிப்பை உயர்த்தி வைப்பது வழக்கம். இல்லாவிட்டால் ஒரு பழுதுக்கு இரண்டு தடங்கல் நேரும்.

சோதனை, உண்மையான தரவு ஏறும் முன்னரே நடக்க வேண்டும். ஒரு வழங்கியைக் கட்டளையால் ஓய்வு நிலைக்கு அனுப்பிப் பார்ப்பது போதாது. அது மரியாதையாக விடைபெறுவது, பழுது அப்படி வருவதில்லை. பிணையக் கம்பியை உருவுதல், கருநிரலை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்தல், மின்கம்பியைப் பிடுங்குதல் ஆகிய மூன்றும் பார்க்கப்பட வேண்டியவை. ஒவ்வொரு முறையும் வேலி உண்மையில் விழுந்ததா என்று பதிவுக் கோப்பில் காணலாம்.

அணைக்கப்பட்ட வழங்கி மீண்டும் இயங்கும்போது தானாகவே கொத்தில் சேர வேண்டுமா என்பதில் நிருவாகிகளிடையே இரு கருத்து உண்டு. பலர் தானியங்கித் தொடக்கத்தை நிறுத்தியே வைக்கின்றனர். ஏன் விழுந்தது என்று பார்த்த பிறகே ஒருவர் கையால் அதைக் கொத்தில் சேர்ப்பார்.